ஊர்ப் பள்ளத்துக்குக் கோட்டையில் ஒரு கேள்வி: கொங்கு வட்டாரத்தில் ஊர்க் கோரிக்கை வேலையில் புதிதாக இறங்குபவர்களுக்கு

சட்டமன்றத்தில் ஒரு எம்எல்ஏ எழுந்து, தன் தொகுதியில் இன்ன ஊராட்சியில் இன்ன பள்ளத்தின் (ஓடையை நம் பக்கம் இப்படித்தான் சொல்வோம்) குறுக்கே உயர்மட்டப் பாலம் கட்ட அரசு முன்வருமா என்று கேட்கிறார். அமைச்சர் ஒரு தாளைப் பார்த்துப் பதில் வாசிக்கிறார். அந்தத் தாளில் உள்ள விவரத்தை எழுதி அனுப்பியவர் பெரும்பாலும் உங்கள் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் பொறியாளர்.

கேள்வி போகும் பாதையைப் பார்த்தால் இது விளங்கும். எம்எல்ஏ எழுதிக் கொடுத்தது முதலில் பேரவைச் செயலகத்துக்குப் போகும். விதிக்கு உட்பட்டிருந்து பேரவைத் தலைவர் அனுமதித்தால், தலைமைச் செயலகத்தில் உரிய துறைக்கு வரும். அங்குள்ள பிரிவு அலுவலர் அதைத் துறைத் தலைமைக்கு, அதாவது இயக்குநருக்கோ தலைமைப் பொறியாளருக்கோ அனுப்புவார். அங்கிருந்து மாவட்டம், மாவட்டத்திலிருந்து ஒன்றியம் அல்லது உட்கோட்டம். பதில் அதே படிகளில் ஏறித் திரும்பும். கீழே காகிதம் எதுவும் இல்லையென்றால் மேலே வாசிக்கப்படுவது ஒரே வரிதான்: "அத்தகைய கருத்துரு ஏதும் அரசிடம் இல்லை." கருத்துரு என்றால் அலுவலகம் எழுதி மேலே அனுப்பும் முன்மொழிவு.

ஆகவே வேலையை, சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் உள்ள சென்னைக் கோட்டையில் தொடங்கக் கூடாது. கோப்பு மாவட்டத்தில் பிறந்து, ஓரளவு நடக்கத் தெரிந்த பிறகுதான் அதைப் பற்றிக் கோட்டையில் கேட்க வேண்டும். புதியவர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதல் நாளே எம்எல்ஏ வீட்டுக்கு வேனில் போய் இறங்குகிறார்கள்.

முதல் படி: பொருள் யாருடையது?

சாலை என்றால் அது எந்த வகை என்று பாருங்கள். ஊராட்சிச் சாலையும் ஊராட்சி ஒன்றியச் சாலையும் ஊரக வளர்ச்சித் துறையுடையவை. மாவட்ட இதர சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாநில நெடுஞ்சாலை மூன்றும் நெடுஞ்சாலைத் துறையிடம். தேசிய நெடுஞ்சாலை, ரயில்வே கேட் என்றால் உங்கள் ஆள் எம்பி. எம்எல்ஏ கேட்டாலும் "ஒன்றிய அரசை வலியுறுத்துவோம்" என்பதோடு பதில் முடியும்.

நீர்நிலையில் இன்னும் அதிகமாகக் குழப்பம் வரும். ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீரில் பாசனமாகும் நிலம், 40 ஹெக்டேருக்கு, சுமார் 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் ஏரி நீர்வளத் துறையுடையது. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்துடையது. நம் பக்கத்துக் குட்டைகள் பெரும்பாலும் ஒன்றியத்துக் கணக்கில்தான் வரும். நீர்வளத் துறை அமைச்சரிடம் குட்டையைத் தூர்வாரக் கேட்டால் "இது ஊரக வளர்ச்சித் துறை சார்ந்தது" என்று முடித்துவிடுவார். ஒரு கூட்டத்தொடர் போய்விடும்.

சில பிரச்சினைகளைத் துறைவாரியாகப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். விசைத்தறி நல்ல உதாரணம். சோமனூர், பல்லடம் பக்கத்துக் கூலி உயர்வுப் பேச்சுவார்த்தை மாவட்ட ஆட்சியர், தொழிலாளர் துறை வழியாக நடக்கும். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்து 2023-இல் 1,000 யூனிட்டாக உயர்ந்த இலவச மின்சாரம் கைத்தறி மற்றும் துணிநூல் துறையின் பேச்சு. மின்கட்டண விகிதத்தை நிர்ணயிப்பது மின்சார ஒழுங்குமுறை ஆணையம். அதைப் பற்றி அவையில் கேட்டால் எரிசக்தித் துறை பதில் சொல்லும். மூன்றையும் ஒரே மனுவில் போட்டால் மூன்று துறையும் அடுத்தவரைக் கை காட்டும்.

எல்லையும் பார்க்க வேண்டும். அன்னூர் கோவை மாவட்டம். சட்டமன்றத் தொகுதி அவிநாசி. மக்களவைத் தொகுதி நீலகிரி. ஆட்சியர் கோவையில், எம்எல்ஏ அவிநாசிக்காரர், எம்பி மலை மேலே. ஊத்துக்குளி திருப்பூர் மாவட்டம், தொகுதி பெருந்துறை. இப்படிப்பட்ட ஊர்களில் எம்எல்ஏ தன் மாவட்டத்து ஆட்சியரிடம் பேசிவிட்டு, வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்வதுண்டு. மனுவின் முதல் வரியிலேயே மாவட்டம், வட்டம், ஒன்றியம், ஊராட்சி, சட்டமன்றத் தொகுதி ஐந்தையும் எழுதிவிடுங்கள்.

இரண்டாம் படி: கோப்பைப் பிறக்க வைப்பது

கிராம சபைதான் இதற்குச் சரியான இடம். ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சித் தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருந்தாலும் கிராம சபை நடக்கும். குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்ல வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, ஊராட்சியின் மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 பேர் வரை 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. உங்கள் பொருள் தீர்மானப் புத்தகத்தில் தனித் தீர்மானமாக, தனி எண்ணோடு ஏற வேண்டும். "பொதுமக்கள் பல்வேறு கோரிக்கைகளை வைத்தனர்" என்ற வரியில் கரைந்துபோனால் பயனில்லை. கூட்டம் கலைவதற்குள் எழுதி முடித்துப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நகல் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள். தீர்மான நகலை இணைத்து மனுக் கொடுங்கள். விவசாயம் சார்ந்தது என்றால் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டமே மேல். அங்கே எல்லாத் துறை அலுவலர்களும் ஒரே மேசையில் இருப்பார்கள், எழுத்தில் பதில் வரும். மனுவுக்குக் கிடைக்கும் எண்ணைவிட, அந்த மனு துறைக்குப் போய் அங்கே விழும் ந.க. எண்தான், அதாவது அலுவலகம் கோப்புக்கு இடும் எண்தான், பெரிது. ஒன்றிய அலுவலகத்தில் உதவியாளரிடம் தணிவாகக் கேட்டால் சொல்லுவார்: "அண்ணா, நம்ம பாலத்து மனு எந்த ந.க.வுல போகுதுங்க?"

பிறகு மதிப்பீடு. பொறியாளர் இடத்தை வந்து பார்த்து மதிப்பீடு போடாத வரை உங்கள் கோரிக்கைக்கு விலை இல்லை. விலை இல்லாததற்கு நிதித் துறை பணம் ஒதுக்காது. பள்ளத்தில் தண்ணீர் போகும் நாளில் அவரை வரச் சொல்லுங்கள். பங்குனி வெயிலில் காய்ந்து கிடக்கும் பள்ளத்தைப் பார்த்தால் யாருக்கும் பாலம் தேவையென்று தோன்றாது. மழைநாளில் எடுத்த, தேதி தெரியும் படங்கள் நான்கு, வெள்ளமட்டக் குறி, மாற்றுப் பாதையின் தூரம் கிலோமீட்டரில், அந்த வழியே பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் எண்ணிக்கை, பால் சொசைட்டிக்குப் போகும் வண்டிகள். இவ்வளவு போதும்.

மதிப்பீட்டுக்குப் பிறகு கருத்துரு மேலே போகும். அப்புறம் நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்). பெரிய வேலையென்றால் நடுவில் விரிவான திட்ட அறிக்கை. உங்கள் கோப்பு இதில் எந்தப் படியில் நிற்கிறது என்று ஒரு வரியில் சொல்லத் தெரிந்தால், அதற்கப்புறம் நீங்கள் சந்திக்கும் யாரும் உங்களைப் புதியவராக நடத்த மாட்டார்கள்.

ஒன்று கவனம். நிழற்குடை, குடிநீர்த் தொட்டி, சிறு தார்ச்சாலை போன்றவற்றுக்குச் சட்டமன்றம் வேண்டாம். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் இருக்கிறது. அதில் கேளுங்கள், சீக்கிரம் நடக்கும்.

மூன்றாம் படி: காலம் பார்த்தல்

ஆண்டின் முதல் கூட்டம் ஆளுநர் உரையோடு தொடங்கும். பெரும்பாலும் தை பிறப்பதை ஒட்டி. பிப்ரவரி, மார்ச்சில் நிதிநிலை அறிக்கை. 2021 ஆகஸ்டில் முதல் முறையாக வேளாண்மைக்கென்று தனி நிதிநிலை அறிக்கை வந்தது. அதன்பின் துறைவாரி மானியக் கோரிக்கை விவாதம், அதாவது ஒவ்வொரு துறையும் தன் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்பது. ஒரு நாளைக்கு ஒன்றோ சிலவோ துறை என்று வாரக்கணக்கில் ஓடும். தேர்தல் ஆண்டில் முதலில் இடைக்கால நிதிநிலை அறிக்கைதான். முழுதும் புது அரசு வந்த பிறகு. இரண்டு கூட்டத்தொடருக்கு இடையே 6 மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது அரசமைப்புச் சட்டத்தின் 174-ஆவது பிரிவு. அதனால் மழைக்காலத்திலும் சில நாள் கூடும்.

உங்களுக்கு முக்கியமான நாள் உங்கள் துறையின் மானியக் கோரிக்கை நாள்தான். அன்று அமைச்சர் பதிலுரையின் முடிவில் புது அறிவிப்புகளைப் படிப்பார். அந்தப் பட்டியல் முந்தின வாரம் வரை திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் பட்டியலில் நுழையக்கூடிய வேலைகள் ஐப்பசி, கார்த்திகையிலேயே துறைத் தலைமைக்குப் போயிருக்க வேண்டும். பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம், புரட்டாசி மழையில் பொறியாளர் ஆய்வு, தீபாவளிக்குள் மதிப்பீடு, தையில் எம்எல்ஏவிடம் ஒற்றைத் தாள், பங்குனியிலோ சித்திரையிலோ அவையில் பேச்சு. இதில் ஒரு படி தவறினால் பொதுவாக ஓர் ஆண்டு தள்ளிப்போகும்.

நான்காம் படி: ஒற்றைத் தாள்

எம்எல்ஏவிடம் கொடுக்கப்படும் மனுக்களில் பெரும்பான்மை இரண்டு பக்கம் புகழ்ச்சியும் அரைப் பக்கம் விஷயமுமாக இருக்கும். அவர் அவையில் பேசக் கிடைப்பது சில நிமிடங்கள். கட்சியின் பலத்தைப் பொறுத்து நேரம் பிரிக்கப்பட்டு, யார் பேசுவது என்பதைக் கட்சிக் கொறடா முடிவு செய்வார். அந்தச் சில நிமிடத்துக்குள் நுழையக்கூடிய அளவில் எழுதுங்கள். மாதிரி இப்படி:

பொருள்: …… ஊராட்சி, …… பள்ளத்தின் குறுக்கே உயர்மட்டப் பாலம்
துறை: ஊரக வளர்ச்சி, சாலை வகை: ஊராட்சி ஒன்றியச் சாலை
நிலை: கிராம சபைத் தீர்மானம் எண் ……, நாள் ……, மதிப்பீடு ரூ. …… லட்சம், ந.க. எண் ……, மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையில் (டிஆர்டிஏ) நிற்கிறது
பாதிப்பு: மழை வந்தால் …… நாள் பாதை துண்டிப்பு, சுற்றுப்பாதை …… கி.மீ.; மாணவர் …… பேர்
கேட்பது: நடப்பாண்டில் நிர்வாக ஒப்புதல்

அதன் கீழேயே கேள்வியையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். "…… மாவட்டம், …… ஒன்றியம், …… ஊராட்சியில் …… பள்ளத்தின் குறுக்கே உயர்மட்டப் பாலம் கட்ட அரசு முன்வருமா?" ஒரே வாக்கியம், ஒரே துறை, ஒரே வேலை. "ஏன் இத்தனை ஆண்டாக அரசு கண்டுகொள்ளவில்லை?" என்று எழுதினால் பேரவைச் செயலகத்திலேயே நின்றுவிடும். வாதம், குற்றச்சாட்டு, யூகம் கொண்ட கேள்வியை விதி அனுமதிக்காது. நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளதையும் கேட்க முடியாது. சாயக்கழிவு, நில எடுப்பு, வாய்க்கால் போன்ற பொருள்களில் எங்காவது ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருக்கும், முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். வழக்கு பாதியைத்தான் தொடுகிறதென்றால், தொடாத பாதியைப் பற்றித் தனியாகக் கேட்கலாம்.

ஐந்தாம் படி: சந்திப்பு

முகூர்த்த நாளில் போகாதீர்கள். கொங்கில் எம்எல்ஏ என்றால் ஆவணியிலும் தையிலும் காலை 4 மணியிலிருந்து மண்டபம் மண்டபமாகத்தான் இருப்பார். மண்டபத்து வாசலில் கொடுக்கும் மனு காரின் பின் சீட்டில் மொய்க் கவர்களோடு போய்ச் சேரும். தொகுதி அலுவலகத்தில், சாதாரண நாளில், காலையில். முன்னாலேயே உதவியாளரிடம் சொல்லிவிட்டு மூன்று பேர் போதும்: விவரம் தெரிந்தவர் ஒருவர், ஊரில் எல்லாக் கட்சிக்காரரும் மதிக்கும் பெரியவர் ஒருவர், தினமும் அந்தப் பள்ளத்தைத் தாண்டும் ஒரு பெண். மூன்றாமவரை விட்டுவிடாதீர்கள். பள்ளத்தைப் பற்றி அவர் சொல்லும் இரண்டு வரிதான் எம்எல்ஏவுக்கு அவையில் ஞாபகம் வரும்.

பேச்சு இப்படித் தொடங்கினால் போதும்: "வணக்கமுங்கண்ணா. பாலத்து விசயமா வந்தோமுங்க. மதிப்பீடு போட்டாச்சுங்க, ஃபைல் டிஆர்டிஏ-வுல நிக்குது. ஊரக வளர்ச்சி மானியத்தன்னைக்கு நீங்க ஒரு வார்த்தை கேட்டீங்கன்னா நகந்துருமுங்க." கட்சி, ஓட்டு, போன தேர்தல் எதையும் எடுக்க வேண்டாம். ஓட்டுக் கணக்கு அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். 2021-இல் மொடக்குறிச்சியில் வெற்றி வித்தியாசம் 281 ஓட்டு. இந்த வட்டாரத்து அரசியல்வாதிகள் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

அதே மொடக்குறிச்சியில் 1996 தேர்தலில் 1,033 வேட்பாளர்கள் நின்றார்கள். விவசாயிகள் தங்கள் குறையைக் கவனிக்க வைக்கச் செய்த வேலை. நாடு முழுக்கப் பேசப்பட்டது. வாக்குச்சீட்டு புத்தகமாக அச்சானது. அதே ஆண்டு வேட்பாளர் வைப்புத்தொகையும் ஏறியது. கவனத்தைத் திருப்புவது ஒரு கலை, காரியத்தைக் கறப்பது இன்னொன்று.

ஊருக்குள்ளேயே இரண்டு தரப்பு உள்ள பொருளோடு போகாதீர்கள். கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடும் விஷயத்தில் கடைமடைக்காரர் தண்ணீர் வர வேண்டும் என்றார்கள், கசிவுநீரை நம்பிய கிணற்றுக்காரர் வேண்டாம் என்றார்கள். இரு தரப்பும் அதே தொகுதிகளின் வாக்காளர்கள். இம்மாதிரி இடத்தில் எந்த எம்எல்ஏவும் "பேசித் தீர்க்க வேண்டும்" என்பதைத் தாண்டி வாய் திறக்கமாட்டார். முதலில் நீங்கள் உட்கார்ந்து பேசி, இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் ஒரு சின்னத் துண்டை, உதாரணமாக ஒரு மதகுப் பழுதை, பிரித்தெடுத்துக் கொண்டுபோங்கள்.

உங்கள் எம்எல்ஏ அமைச்சராக இருந்தால்? அமைச்சர்கள் கேள்வி கேட்பதில்லை. பேரவைத் தலைவரும் கேட்க முடியாது. 2016-இலிருந்து 2021 வரை அவிநாசித் தொகுதிக்காரர்களுக்கு இந்த அனுபவம் உண்டு. அவர்கள் உறுப்பினர் ப. தனபால் பேரவைத் தலைவர். அப்படி வாய்த்தால் அமைச்சர் அலுவலகம் வழியே நேராகத் துறைச் செயலருக்குக் கடிதம் வாங்குங்கள். கேள்வியைவிட அது வேகமானது. அவைக் குறிப்பில் ஏற வேண்டும் என்றால் பக்கத்துத் தொகுதி உறுப்பினரிடம் போங்கள். பாலத்தின் மறுகரை அவர் தொகுதியாக இருந்தால் தயக்கமே வேண்டாம்.

ஆறாம் படி: எந்தக் கருவி?

கேள்வி நேரம். அவை கூடியதும் வரும் முதல் ஒரு மணி நேரம். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு வாயால் பதில். அதன்மேல் துணைக் கேள்வி கேட்கலாம். குறியிடாததற்கு எழுத்தில் பதில். புதியவர்கள் எழுத்துப் பதிலை மட்டமாக நினைக்கிறார்கள். கையில் காகிதம் வேண்டுமென்பவருக்கு அதுவே நல்லது. நட்சத்திரக் கேள்வியில் உண்மையான சரக்கு துணைக் கேள்வியில்தான் இருக்கும். உங்கள் ஊர்ப் பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும், வேறு ஊர்ப் பாலத்துக் கேள்வி வரும்போது உங்கள் எம்எல்ஏ கை தூக்கி நுழையலாம். அன்றைய கேள்விப் பட்டியலைப் பார்த்து முந்தின மாலை அவருக்கு நினைவூட்டுங்கள்.

வெட்டுத் தீர்மானம். மானியக் கோரிக்கைத் தொகையில் அடையாளமாக 100 ரூபாயைக் குறைக்கச் சொல்வது. பணத்தைக் குறைப்பது நோக்கமல்ல. குறையைப் பதிவு செய்வதுதான். எதிர்க்கட்சி உறுப்பினர் என்றால் இதைக் கேளுங்கள்.

கவன ஈர்ப்பு. அவசரமான, பொது முக்கியத்துவம் உள்ள, அண்மையில் நடந்ததற்கு மட்டும். பாலம் அடித்துப் போனால் கவன ஈர்ப்பு. பாலம் வேண்டுமென்றால் கேள்வி. பத்தாண்டுக் குறையைக் கவன ஈர்ப்பாக எழுதினால் தள்ளுபடி ஆகும்.

விதி 110. இது உங்கள் கையில் இல்லை. அமைச்சரோ முதலமைச்சரோ அறிக்கையாகப் படிப்பார்கள்; அதன்மேல் விவாதம் கிடையாது. ஜெயலலிதா காலத்தில் இந்த எண்ணே வீட்டுக்கு வீடு தெரிந்த சொல்லாகிவிட்டது. 110-இல் உங்கள் வேலை வந்துவிட்டால் கொண்டாடலாம், ஆனால் அரசாணை வரும்வரை பட்டாசு வேண்டாம்.

இதோடு கொள்கை விளக்கக் குறிப்பைப் படிக்கப் பழகுங்கள். மானியக் கோரிக்கையன்று ஒவ்வொரு துறையும் வெளியிடும் புத்தகம். அரசு இணையதளத்தில் தமிழிலேயே கிடைக்கும். போன ஆண்டு அறிவிப்புகள் எந்த நிலையில் உள்ளன என்பது அதில் இருக்கும். உங்கள் ஒன்றியத்தின் பெயர் வருகிறதா என்று தேடிப் பாருங்கள். எம்எல்ஏவின் பேச்சுக்கு இதைவிட நல்ல ஆயுதம் கிடைக்காது: "போன ஆண்டு குறிப்பில் இன்ன பக்கத்தில் சொன்னது என்னாயிற்று?"

ஏழாம் படி: அன்றைக்கு

சென்னைக்குப் போக வேண்டிய கட்டாயமில்லை. 2022 ஜனவரியிலிருந்து கேள்வி நேரம் நேரலையில் வருகிறது. போகத்தான் வேண்டும் என்றால் எம்எல்ஏ பரிந்துரையில் பார்வையாளர் மாடத்துக்கு அனுமதிச் சீட்டு வாங்கலாம். ஈரோட்டிலிருந்து ஏற்காடு எக்ஸ்பிரஸ், கோவையிலிருந்து சேரன். விடியலில் சென்ட்ரலில் இறங்கினால் கோட்டை பக்கந்தான். கூட்டத்தொடர் நாள்களில் வெளியூர் உறுப்பினர்கள் சேப்பாக்கம் ஓமந்தூரார் வளாகத்து விடுதியில் தங்குவார்கள். காலை 7 மணிக்கு அங்கே பார்ப்பது அவை வளாகத்தில் துரத்துவதைவிட மரியாதை.

துறையின் கோப்பைப் பார்க்க விரும்பினால் நாமக்கல் கவிஞர் மாளிகை, பத்து மாடி. நம்மூர்க்காரர் பெயர் தாங்கிய கட்டடம் என்பதால் சலுகை எதுவும் கிடையாது, ந.க. எண்ணும் கடித எண்ணும் கையில் இல்லாமல் போனால் மாடி ஏறி இறங்கிய வலிதான் மிஞ்சும். பிரிவு அலுவலரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "மாவட்டத்திலிருந்து இன்னும் என்ன விவரம் வர வேண்டும்?" அதைக் கேட்டுக்கொண்டு ஊருக்குத் திரும்பி, அந்த விவரத்தை அனுப்ப வையுங்கள்.

எட்டாம் படி: பதிலைப் படிப்பது

அமைச்சர்களின் பதில்மொழிக்குத் தனி அகராதி உண்டு.

"அரசின் பரிசீலனையில் உள்ளது" என்றால் கோப்பு உயிரோடு இருக்கிறது. எந்த மேசை என்று கண்டுபிடியுங்கள். "நிதி நிலைமைக்கேற்ப" என்றால் மதிப்பீடு வரை முடிந்தது, முன்னுரிமைப் பட்டியலில் கீழே கிடக்கிறது. எம்எல்ஏவும் ஆட்சியரும்தான் அதை மேலே ஏற்ற முடியும். "ஆய்வு செய்து நடவடிக்கை எடுக்கப்படும்" என்றால் இதுவரை யாரும் வந்து பார்க்கவில்லை. "உறுப்பினர் நேரில் வந்தால் பேசிக்கொள்ளலாம்" என்பதை ஆளுங்கட்சி உறுப்பினருக்குச் சொன்னால் நல்ல சகுனம், மற்றவருக்குச் சொன்னால் வாய் மூடும் வழி.

"சாத்தியக்கூறு இல்லை" என்றால் ஏதோ ஓர் அளவுகோல் இடிக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்பது வரம்பு. தாளவாடி, வால்பாறை, கொல்லிமலைக்காரர்கள் சமவெளிக் கணக்கில் மறுக்கப்பட்டிருந்தால் அங்கேயே பிடிக்கலாம். காரணத்தை எழுத்தில் வாங்காமல் சண்டை போட வேண்டாம்.

"கருத்துரு ஏதும் இல்லை" என்பதைக் கேட்டு ஊர் சோர்ந்துபோகும். சோர வேண்டாம், இரண்டாம் படிக்குத் திரும்பிப் போக வேண்டும், அவ்வளவே.

பதிலில் "செய்யப்படும்" என்ற சொல் வந்திருந்தால் அது உறுதிமொழி. அதைத் தொடர்வதற்கென்றே பேரவையில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. துறை அதற்கு நிறைவேற்ற அறிக்கை அனுப்ப வேண்டும். சில மாதம் கழித்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள்: இன்ன நாள், இன்ன கேள்வி எண்ணுக்கு அளித்த பதிலின்மேல் எடுத்த நடவடிக்கையின் நகல் வேண்டும். 10 ரூபாய் நீதிமன்ற வில்லை, 30 நாள் கெடு, பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "ஏன் செய்யவில்லை" என்று அதிலும் கேட்காதீர்கள். காகிதத்தை மட்டும் கேளுங்கள்.

அரசாணை வந்தால் எண்ணுக்கு முன்னுள்ள அடைப்பைப் பாருங்கள். (நிலை) என்றிருந்தால் கொள்கை முடிவு அல்லது பெரிய ஒப்புதல். (வாலாயம்) என்றால் வழக்கமான நடைமுறை. அதன் கடைசிப் பத்தியில் எந்தக் கணக்குத் தலைப்பில் செலவு என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் பணம் இன்னும் வரவில்லை என்று பொருள்.

எம்எல்ஏ கேட்கவே மாட்டேன் என்றால்

மனுக்கள் குழு இருக்கிறது. பேரவையின் குழுக்களில் பொதுமக்கள் நேரடியாக நுழையக்கூடிய வாசல் இது. குழு மாவட்டத்துக்கு வருமுன் ஆட்சியர் அலுவலகத்திலிருந்து செய்திக்குறிப்பு வரும். மனு தமிழில், தேதியிட்ட கையெழுத்தோடு, 5 நகல்; முகவரி: தலைவர், மனுக்கள் குழு, தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை, சென்னை 600 009. பல ஆண்டு தீராத பொதுப் பிரச்சினையாக, ஒரே பொருளாக, ஒரே துறையுடையதாக இருக்க வேண்டும். தனிநபர் குறை, வழக்கில் உள்ளது, வேலைவாய்ப்பு, முதியோர் ஓய்வூதியம், பட்டா, கடன், பணிமாற்றம் எதுவும் எடுக்க மாட்டார்கள். ஏற்றுக்கொண்டால் ஆய்வு நாளில் உங்களையும் துறை அலுவலரையும் ஒரே அறையில் வைத்துக் கேட்பார்கள். சாதாரண நாளில் இரண்டு வருடம் கிடைக்காத பதில் அந்த ஐந்து நிமிடத்தில் வருவதுண்டு. அலுவலரைத் திட்டி அந்த நிமிடங்களை வீணாக்கியவர்களும் உண்டு.

சட்டமுன்வடிவு வந்தால்

இது வேறு விளையாட்டு, வேகமான விளையாட்டு. 1986-இல் மேலவை போன பிறகு தமிழ்நாட்டில் ஒரே அவை. இரண்டாவது முறை யோசிக்க இன்னொரு மன்றம் இல்லை. அறிமுகம், ஆய்வு, குரல் வாக்கெடுப்பு எல்லாம் சில நாளில் முடியும். 12 மணி நேர வேலைக்கு வழிவிட்ட தொழிற்சாலைகள் திருத்தச் சட்டமுன்வடிவு 2023 ஏப்ரல் 21 அன்று, கூட்டணிக் கட்சிகள் வெளிநடப்புச் செய்தும் நிறைவேறியது. திருப்பூர் முதல் எல்லா ஊர்த் தொழிற்சங்கங்களும் எழுந்ததும் 24-ஆம் தேதி நிறுத்திவைப்பு. மே தினத்தன்று திரும்பப் பெறும் அறிவிப்பு. அறிமுகமான அன்றே நகலை எடுத்து, எந்தப் பிரிவில் எந்தச் சொல்லை மாற்ற வேண்டும் என்று எழுதி, ஒரே கட்சியிடம் அல்லாமல் எல்லாக் கட்சி உறுப்பினர்களிடமும் கொடுக்க வேண்டும். "இந்தச் சட்டமே வேண்டாம்" என்ற தாள் தெருவில் பயன்படும்; அவைக்குள் திருத்தம்தான் செல்லும்.

பெரிய திட்டங்களுக்கு வேறு பொறுமை வேண்டும். அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்தைத் தலைமுறை கடந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2019 பிப்ரவரியில் அடிக்கல், 2024 ஆகஸ்ட் 17-இல் தொடக்கம். சுமார் 1,916 கோடி ரூபாயில் 1,045 குளம் குட்டைகளுக்கு, காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து ஆண்டுக்கு 1.5 டிஎம்சி உபரிநீர். அடிக்கல் ஒரு ஆட்சியில், திறப்பு இன்னொரு ஆட்சியில். இத்தனைக்கும் நடுவில் கோரிக்கைக்காரர்கள் எந்த ஒரு கட்சியின் சொத்தாகவும் ஆகாமல் நின்றது கவனிக்க வேண்டியது. இப்போது அந்தக் குட்டை நிரம்பவில்லை, இந்தக் குளத்துக்குக் குழாய் வரவில்லை என்று கேள்விகள் தொடர்கின்றன. அவை எல்லாம் மேலே சொன்ன ஒற்றைத் தாள் வகைதான்.

தேர்தலில் உறுப்பினர் மாறினால் கோப்பு சாகாது; அது அலுவலகத்தில் இருக்கிறது. மாறுவது நினைவு மட்டும். புதியவருக்கு முதல் மாதம் முழுக்கச் சால்வையும் பூமாலையுமாகத்தான் போகும். இரண்டாம் மாதம் போங்கள். சால்வை வேண்டாம், பழைய கேள்வி எண், பதிலின் நகல், கடைசியாக வந்த தகவல் உரிமைப் பதில் மூன்றையும் ஒற்றைத் தாளின் பின்னால் குத்தி, ந.க. எண்ணைச் சிவப்பு மையில் வட்டமிட்டுக் கொடுங்கள்.